வாயுவா, கணையமா?

ஆடிக் கிருத்திகை. திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் வீடு என்றால் கேட்கவா வேண்டும்! காவடி எடுக்க வந்த உறவுக்காரர்கள், பெரிய சமையல், வடை, பாயசம். நடுராத்திரியில் மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்காரி. "வாயுதான், ஓமத் தண்ணி குடிச்சா சரியாப் போயிடும்" என்பார் மாமியார். பல சமயம் அது சரிதான். ஆனால் எப்போதும் அல்ல.

இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது கணையம். கர்ப்ப காலத்திலும் பிரசவமான சில மாதங்களிலும் பெண்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு அதிகம். அந்தக் கல் நழுவிக் குழாயை அடைத்தால், சோற்றைச் செரிக்க வேண்டிய நீர் கணையத்தையே அரிக்கத் தொடங்கிவிடும். இதுதான் திடீர் கணைய அழற்சி. ஆண்களுக்குக் குடிப்பழக்கம் முக்கிய காரணம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வலி மேல்வயிற்றில் கிளம்பி முதுகுக்கு ஊடுருவும். விட்டு விட்டு வராது, மணிக்கணக்கில் நிற்கும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்தால் கொஞ்சம் தணியும். வாந்தி எடுத்தாலும் வலி குறையாது. வயிறு உப்பும், காய்ச்சல், படபடப்பு வரலாம்.

இப்படி இருந்தால் சோடா, கஷாயம், மாத்திரை எதுவும் வேண்டாம். விடியட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். மாரடைப்பும் சில சமயம் இப்படியே வரும் என்பதால் தாமதம் கூடவே கூடாது.

அங்கே நர்ஸ் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு பார்ப்பார். கண் மஞ்சளா என்று கவனிப்பார். வலி எப்போது ஆரம்பித்தது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று கேட்பார். சிறுநீர் குறைவது உடம்பில் நீர் வற்றுவதற்கு அடையாளம். வீட்டுக்காரருக்கு வலி என்றால், குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மானம் பார்க்கிற நேரம் இல்லை. தொப்புளைச் சுற்றி நீலம் பாரித்தால் நோய் முற்றியது என்று பொருள். ஆனால் அது பலருக்கு வருவதே இல்லை, அதற்காகக் காத்திருக்காதீர்கள். ரத்தத்தில் லைப்பேஸ் அளவு இயல்பைப் போல் 3 மடங்குக்கு மேல் இருந்தால் நோய் அநேகமாக உறுதி.

நரம்பு வழியே திரவமும் வலிக்கு மருந்தும் கொடுப்பார்கள். பெரும்பாலோர் சில நாட்களில் தேறிவிடுவார்கள். கல்தான் காரணம் என்றால், பித்தப்பையை எடுப்பது பற்றி டாக்டரிடம் கேட்காமல் வீடு திரும்பாதீர்கள். இல்லாவிட்டால் அந்த ராத்திரி மறுபடி வரலாம்.

ஓமத் தண்ணீர் நல்லதுதான் அம்மா. ஆனால் முதுகைத் துளைக்கும் வலிக்கு அது மருந்தல்ல.