கொடுமுடி தந்த ஔவை

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியும், ஔவைக்கு நெல்லிக்கனி தந்த அதியமானும் கடையெழு வள்ளல்களில் இருவர். அந்த ஔவை என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் முகம் நடிகை கே.பி. சுந்தராம்பாளுடையதுதான்.

அவர் ஊர், கொல்லிமலைக்கு அதிகத் தொலைவில்லாத காவிரிக்கரைக் கொடுமுடி. பிறந்தது 1908இல். ரயிலில் பாடிய சிறுமி நாடக மேடை ஏறினார். இலங்கையில் நடிக்கப் போன இடத்தில் எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் பழக்கம், 1927இல் திருமணம். 1933இல் கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25. அதன் பிறகு கடைசிவரை வெள்ளைச் சேலைதான். ஆண் நடிகருக்கு ஜோடியாக நடிக்கவும் மறுத்துவிட்டார். அதனால் என்ன? 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! அன்றைய கதாநாயகர்கள் கனவிலும் காணாத தொகை.

1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’. 1965இல் ‘திருவிளையாடல்’ படத்திலும் அதே ஔவை வேடம். சென்னை சட்ட மேலவை உறுப்பினர் பதவியும் அவருக்கு வந்தது. 1970இல் பத்மஸ்ரீ. மறைந்தது 1980இல்.