அரைக் கட்டை குறைச்சுக்கலாமா?

ஆயுத பூஜை என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும், குழந்தைகளே? பொரி, கடலை, சுண்டல், அப்புறம் "புத்தகம் பூஜையில் இருக்கிறது, இன்று படிக்கக் கூடாது" என்ற சந்தோஷம்! ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் குழந்தைகளைக் கேட்டால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். அங்கே காரும் பைக்கும் டயரும் கண்ணாடியும் செய்யும் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. பூஜை நாளில் இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். சில இடங்களில் தொழிலாளர்களின் குடும்பத்தையும் வரவழைத்து மெல்லிசைக் கச்சேரி வைப்பதும் உண்டு.

அப்படி ஒரு கச்சேரியைக் கற்பனை செய்து பாருங்கள். பாடகர் இரண்டு மணி நேரமாகப் பாடிக்கொண்டிருக்கிறார். கூட்டத்திலிருந்து ஒரு பழைய பாட்டைக் கேட்டுச் சீட்டு வருகிறது. உச்சத்தில் பாட வேண்டிய பாட்டு! அவர் கீபோர்டு வாசிப்பவர் பக்கம் திரும்புகிறார்.

"அண்ணே, அரைக் கட்டை குறைச்சுக்கலாமா?"

அவர் தலையாட்டிவிட்டு ஒரு பொத்தானை அழுத்துகிறார். பாட்டு ஆரம்பமாகிறது. கைதட்டல் காதைப் பிளக்கிறது! ஏதோ மாறியிருக்கிறது என்று கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அது என்ன அரைக் கட்டை? அதை ஏன் குறைத்தார்? அவருக்குப் பாட வரவில்லையா? வாருங்கள், பார்ப்போம்.

கட்டை என்றால் என்ன?

ஆர்மோனியம் பார்த்திருப்பீர்கள். அதில் விரலால் அழுத்தும் பாகத்துக்குத்தான் கட்டை என்று பெயர். வெள்ளைக் கட்டைகள் 7, கறுப்புக் கட்டைகள் 5. மொத்தம் 12. அதன் பிறகு அதே வரிசை மீண்டும் வரும்.

முதல் வெள்ளைக் கட்டையை 'ச' என்று வைத்துப் பாடினால் 1 கட்டை சுருதி. அதற்கு அடுத்த கறுப்பு 1½ கட்டை. அடுத்த வெள்ளை 2 கட்டை. இப்படியே 7 கட்டை வரை போகும். இதில் ஒரு வேடிக்கை, 3½ கட்டை என்று ஒன்று கிடையாது! மூன்றாவது வெள்ளைக்கும் நான்காவது வெள்ளைக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லை. அதனால் 3க்கு அடுத்த படி நேராக 4 கட்டைதான்.

ஒலி என்பது அதிர்வு என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இன்றைய கீபோர்டில் நடுவில் உள்ள 6 கட்டை ஒலி, விநாடிக்கு 440 முறை அதிரும். அரைக் கட்டை குறைத்தால் சுமார் 415 முறை. நூற்றுக்கு ஆறு பங்குதான் குறைகிறது. ஆனால் பாடுகிறவரின் தொண்டைக்கு அது பெரிய வித்தியாசம்!

கோலம் மாறாது

"சுருதியை மாற்றினால் பாட்டு மாறிவிடாதா?" என்று கேட்பீர்கள்.

அம்மா வாசலில் பதினோரு புள்ளிக் கோலம் போடுகிறார். நேற்று வலப்பக்கம் போட்டார், இன்று இடப்பக்கம் போடுகிறார். கோலம் மாறிவிடுமா? மாறாது. புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருந்தால் அதே கோலம்தான்.

பாட்டும் அப்படித்தான். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு எத்தனை படி ஏறுகிறோம், எத்தனை படி இறங்குகிறோம் என்பதுதான் மெட்டு. எல்லாச் சுரங்களையும் ஒரே அளவு கீழே நகர்த்தினால் மெட்டு மாறாது. பெரும்பாலானோரின் காதுக்கு அதே பாட்டாகத்தான் கேட்கும்.

பதிவு வேறு, மேடை வேறு

சரி, முதலில் எந்தச் சுருதியில் பாடினாரோ அதிலேயே ஏன் பாடக் கூடாது?

பாட்டைப் பதிவு செய்யும் கூடத்தில் ஒரு வரி சரியாக வராவிட்டால் மறுபடி பாடலாம். நடுவில் ஓய்வு எடுக்கலாம். வெந்நீர் குடிக்கலாம். மேடையில் அது முடியாது. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு காத்திருக்கும்.

இன்னொரு காரணம், வயது. 25 வயதில் பாடிய பாட்டு இசைத்தட்டில் 25 வயதிலேயே இருக்கிறது. பாடியவருக்கு 60 வயது ஆகிவிடுகிறது. நம் தொண்டையில் இரண்டு சிறிய குரல் நாண்கள் இருக்கின்றன. மூச்சுக் காற்று பட்டு இவை அதிர்வதால்தான் குரல் பிறக்கிறது. பேசும்போது ஆண்களுக்கு விநாடிக்குச் சுமார் 100 முதல் 130 முறையும், பெண்களுக்குச் சுமார் 200 முறையும் அதிரும். உச்சத்தில் பாடும்போது இதைப் போலப் பல மடங்கு அதிர வேண்டும். அதற்கு நாண்களை இழுத்துப் பிடிக்க வேண்டும். வயதாக ஆக இந்த நாண்களின் இழுவை குறைகிறது. ஓடிப்பிடித்து விளையாடிய தாத்தா இப்போது மெதுவாக நடப்பது போலத்தான் இதுவும்.

உலகப் புகழ் பாடகர்களும்...

மின்கிடாரும் டிரம்ஸுமாக அதிரவைக்கும் ராக் இசையை உங்கள் அண்ணன்மார் கேட்டுக்கொண்டிருப்பார்கள். உச்சக் குரலில் பாடுவதுதான் அங்கே பல பாடகர்களின் பெருமை. அவர்களும் கட்டையைக் குறைத்துப் பாடுகிறார்கள்!

இங்கிலாந்தின் லெட் செப்பலின் குழு பிரிந்து பல ஆண்டுகள் கழித்து, 2007 டிசம்பர் 10 அன்று லண்டனில் ஒரே ஒரு கச்சேரிக்காக மீண்டும் சேர்ந்தது. பாடகர் ராபர்ட் பிளான்ட்டுக்கு அப்போது 59 வயது. இருபதுகளில் பாடிய பாடல்களில் சிலவற்றை அன்று தாழ்ந்த சுருதியில்தான் பாடினார். ரசிகர்கள் மகிழ்ச்சியில் மிதந்தார்கள். எல்டன் ஜானுக்கு 1987ஆம் ஆண்டு தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன் பிறகு அவர் குரல் கனத்துவிட்டது. பழைய பாடல்களைத் தாழ்ந்த சுருதியில் பாடத் தொடங்கினார். அப்படியே 2023 வரை ஊர் ஊராகப் போய்ப் பாடினார்! மெட்டாலிக்கா குழுவினர் மேடையில் தங்கள் கிடார் கம்பிகளைச் சற்றுத் தளர்த்தி, பதிவில் உள்ளதைவிட அரைக் கட்டை குறைத்து வாசிப்பது வழக்கம்.

கூட வாசிப்பவர்கள் பாடு!

பாடகர் "அரைக் கட்டை குறை" என்று சொல்லிவிடலாம். கூட வாசிப்பவர்கள் என்ன செய்வார்கள்?

கீபோர்டுக்காரருக்குக் கவலை இல்லை. அதில் சுருதி மாற்றும் பொத்தான் உண்டு. விரல்கள் பழகிய கட்டைகளையே அழுத்தலாம், ஒலி மட்டும் இறங்கி வரும். கிடாரிலும் வயலினிலும் கம்பியைத் தளர்த்தலாம். மிருதங்கத்தில் சிறிய மாற்றம் என்றால் ஓரத்தில் தட்டிச் சேர்த்துவிடுவார்கள். பெரிய மாற்றம் என்றால் வேறு மிருதங்கம் எடுக்க வேண்டும். புல்லாங்குழல்காரர் பையைத் திறந்து பாருங்கள், நீளமும் குட்டையுமாகப் பல குழல்கள் இருக்கும்! நீளமான குழல் தாழ்ந்த சுருதி, குட்டையான குழல் உயர்ந்த சுருதி.

நாதஸ்வரமும் நீண்டது!

இந்த நீளக் கணக்கு நம் நாதஸ்வரத்தின் கதையையே மாற்றியிருக்கிறது.

முன்பு கோயில்களில் வாசித்தது 'திமிரி' என்ற குட்டையான நாதஸ்வரம். அதன் சுருதி உச்சம். மைக் இல்லாத காலத்தில், தேரோடும் வீதியில் ஆயிரக்கணக்கான மக்களின் இரைச்சலைத் தாண்டிக் கேட்க அது பொருத்தமாக இருந்தது. நாடக மேடையிலும் இதே கதைதான். எஸ்.ஜி. கிட்டப்பா (1906 - 1933), கே.பி. சுந்தராம்பாள் போன்றவர்கள் மைக் இல்லாமலேயே கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உச்சக் குரலில் பாடிப் புகழ் பெற்றார்கள்.

நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று போற்றப்பட்ட திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898 - 1956) வேறு மாதிரி யோசித்தார். உட்கார்ந்து ராகத்தை விரித்து வாசிக்க, வாய்ப்பாட்டைப் போலக் கனிவான நாதம் வேண்டும் என்று விரும்பினார். நீளமான, தாழ்ந்த சுருதி கொண்ட 'பாரி' நாதஸ்வரம் அவரால் புகழ் பெற்றது. தஞ்சாவூர் மாவட்டம் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்துவந்த ரங்கநாதன் ஆசாரி அதைச் செம்மையாகச் செய்து கொடுத்தார். பழைய வீடுகளிலிருந்து கிடைக்கும் ஆச்சா மரத்தில் கடையப்படும் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது.

பார்த்தீர்களா? சுருதியைக் குறைத்ததால் ராஜரத்தினம் பிள்ளையின் புகழ் குறையவில்லை. அவர் காட்டிய வழியில் பாரி நாதஸ்வரம் கச்சேரி மேடைகளில் நிலைத்துவிட்டது. அடுத்த முறை திருவிழாவில் நாதஸ்வரம் கேட்கும்போது, கருவியின் நீளத்தையும் கவனியுங்கள்!

உங்களுக்குத் தெரியுமா?

ஒரகடம் அருகே வல்லம் வடகாலில் யமஹா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருக்கிறது. பைக்கில் அந்தச் சின்னத்தை உற்றுப் பாருங்கள். வட்டத்துக்குள் மூன்று இசைக்கவைகள் தெரியும்! சுருதி பார்க்கும் கருவிக்கு பைக்கில் என்ன வேலை? 1887ல் ஜப்பானில் யமஹா தொடங்கியது ஆர்மோனியம் போன்ற ஒரு கருவியைச் செய்துதான். பைக் நிறுவனம் 1955ல்தான் தனியாகப் பிரிந்தது. இசைக்கருவி செய்யும் யமஹா நிறுவனமும் 2019ல் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கியது. அங்கே கீபோர்டும் கிடாரும் தயாராகின்றன. "அரைக் கட்டை குறைச்சுக்கலாமா?" என்றதும் அழுத்தும் பொத்தான், நம் ஊர்ப் பக்கத்தில் செய்த கீபோர்டில்கூட இருக்கலாம்!

குரல் உடையும்போது...

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம்.

ஏழாம் வகுப்பு வரை பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கிய பையன், எட்டாம் வகுப்பு ஆண்டு விழாவில் அதே பாட்டைப் பாடுகிறான். உச்சத்தில் குரல் 'கிரீச்' என்று உடைகிறது. கூட்டம் சிரிக்கிறது. "இனி பாடவே மாட்டேன்" என்று அவன் முடிவு செய்துவிடுகிறான். உங்கள் பள்ளியிலும் இப்படி ஓர் அண்ணன் இருக்கலாம். நாளை அது நீங்களாகவும் இருக்கலாம்.

இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. 12 முதல் 14 வயதை ஒட்டிப் பையன்களின் குரல்வளை வேகமாக வளர்கிறது. குரல் நாண்கள் நீளமாகவும் தடிப்பாகவும் ஆகின்றன. நீளமான குழல் தாழ்ந்த சுருதி என்று பார்த்தோம் அல்லவா? நீளமான நாணும் அப்படித்தான். குரல் ஏறக்குறைய ஒரு முழு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். பெண் குழந்தைகளுக்கும் குரல் மாறும், ஆனால் கொஞ்சம்தான்.

புதிய சைக்கிளைப் பழகும்போது இரண்டு முறை விழுவது போல, புதிய குரலைப் பழகும்போது அது சில முறை உடையும். சில மாதங்களில் சரியாகிவிடும். அதுவரை செய்ய வேண்டியது, பழைய கட்டையிலேயே பிடிவாதமாகக் கத்தாமல், கட்டையைக் குறைத்துப் பாடுவதுதான். கத்திக் கத்திப் பாடினால் குரல் நாண்களில் வீக்கமோ, சிறு முடிச்சோ வரக்கூடும். நண்பன் குரல் உடைந்தால் சிரிக்காதீர்கள். "கொஞ்சம் குறைச்சுப் பாடேன்" என்று சொல்லுங்கள். அதுதான் நட்பு!

செய்து பாருங்கள்

1. உங்களுக்குப் பிடித்த பாட்டில் மிக உயரமான இடம் எது என்று கண்டுபிடியுங்கள்.

2. அந்த இடத்தை மட்டும் முதலில் பாடுங்கள். கழுத்து நரம்பு புடைக்கிறதா? தாடை மேலே தூக்குகிறதா? தொண்டை எரிகிறதா? அப்படியானால் சுருதி உங்களுக்கு அதிகம்.

3. அரைக் கட்டை குறையுங்கள். போதாவிட்டால் இன்னும் அரை. பாட்டின் மிகத் தாழ்ந்த இடமும் தெளிவாகக் கேட்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்!

4. எந்தக் கட்டையில் சுகமாக வருகிறதோ, அதை நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். மாறியிருக்கலாம்.

5. அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தாதீர்கள். குரல் கம்மி இரண்டு வாரத்துக்கு மேலும் சரியாகாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நாளைக் காலை பள்ளிப் பிரார்த்தனையில் கவனியுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்தை யாராவது உச்சத்தில் எடுத்துவிட்டால், நடுவில் பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள்! முன்னால் நின்று பாடுவது நீங்கள் என்றால், ஆரம்பிக்கும் முன்பே அரைக் கட்டை குறைத்து எடுங்கள். கடைசி வரிசை வரை எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள்.

சுருதியைக் குறைப்பது தோல்வி அல்ல. பாட்டையும் குரலையும் ஒன்றாகக் காப்பாற்றும் வழி. என்ன, குறைச்சுக்கலாமா?