சாங்டோங்கில் கண்ணில் படாத தாது

டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரான அரிட்டாப்பட்டிப் போராட்டம் சூடாக இருந்த 2024 கடைசியில், ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியையான என்னிடம் பழைய மாணவர்கள் முதல் பக்கத்து வீட்டுக்காரர்கள் வரை கேட்டது ஒரே கேள்விதான்: "டங்ஸ்டன் எப்படி மேடம் இருக்கும்? தங்கம் மாதிரி மின்னுமா?" அந்தச் சுரங்கத்துக்கான நாயக்கர்பட்டி ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தாதுவை எப்படித் தேடுகிறார்கள், கிடைத்த கல் எப்போது சுரங்கமாகிறது என்ற பேச்சு பெரிதாக எழவில்லை. வகுப்பில் இதற்கு நான் எப்போதும் எடுத்துக்கொண்ட உதாரணம் தென்கொரியாவின் சாங்டோங்.

அந்தச் சுரங்கத்துக் கல் ஒன்று என் மேசையில் இருக்கிறது. கொரியாவுக்கு மேற்படிப்புக்குப் போன மாணவர் கொண்டுவந்து கொடுத்தது. கரும்பச்சை நிறம், நடுநடுவே மைக்கா மினுமினுப்பு, சில வெள்ளைத் திட்டுகள். அந்த வெள்ளையில் எது சாதாரணக் குவார்ட்ஸ், எது டங்ஸ்டன் தாதுவான ஷீலைட் என்று வெறும் கண்ணால் பிரிக்க எனக்கே தடுமாற்றம்தான். அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைக் காட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும். குவார்ட்ஸ் இருட்டிலேயே கிடக்கும், ஷீலைட் நீலம் கலந்த வெள்ளையில் எரியும். கொஞ்சம் மாலிப்டினம் கலந்திருந்தால் மஞ்சளாகத் தெரியும். கடையில் கள்ளநோட்டுப் பார்க்கும் விளக்கு இதற்கு உதவாது. அது நீண்ட அலை, ஷீலைட்டுக்குக் குறுகிய அலை வேண்டும். (இரவில் விளக்கோடு மலையேறுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: புற ஊதா ஒளியில் தேளும் ஒளிரும். ஆசையாகக் கையை நீட்டிவிடாதீர்கள்.)

இந்தக் கல் உருவான கதைக்கு 50 கோடி ஆண்டு பின்னால் போக வேண்டும். அன்று கடலடியில் சேறும் சுண்ணாம்பும் மாறி மாறிப் படிந்தன. சேறு இறுகிப் பலகைக்கல் ஆனது. சுண்ணாம்பு அதற்கு நடுவே சில மீட்டர் தடிமனுள்ள மெல்லிய அடுக்குகளாகத் தங்கிவிட்டது. சுமார் எட்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் கீழிருந்து பாறைக்குழம்பு எழுந்து, மேலே வர முடியாமல் ஆழத்திலேயே இறுகிக் கிரானைட் ஆனது. இறுகும்போது அதிலிருந்து பிரிந்த கொதிநீர், டங்ஸ்டனைச் சுமந்துகொண்டு விரிசல் வழியே ஏறியது. பலகைக்கல்லில் அதற்குப் பெரிய வேலை இல்லை. சுண்ணாம்பைத் தொட்டதும் எல்லாம் மாறியது. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பது போல, இங்கேயும் சேர்க்கையில் புதுப்பொருள் பிறந்தது. முதலில் கார்னெட்டும் பைராக்சீனும். வெப்பம் குறையக் குறைய அவற்றைத் தின்றுகொண்டு ஆம்பிபோல், பிறகு குவார்ட்ஸும் மைக்காவும். நீரில் வந்த டங்ஸ்டனும் சுண்ணாம்பின் கால்சியமும் கைகோத்ததுதான் ஷீலைட். இப்படி உருமாறிய பாறைக்கு ஸ்கார்ன் என்று பெயர். சாங்டோங்கில் விளிம்பில் கார்னெட், உள்ளே ஆம்பிபோல், நடுவில் குவார்ட்ஸும் மைக்காவும் என்று வட்டம் வட்டமாக இருக்கும். டங்ஸ்டன் அதிகம் நடுவில்தான். என் கல் நடுப்பகுதியிலிருந்து வந்தது.

இவ்வளவு பெரிய புதையல் உடனே கிடைத்துவிடவில்லை. ஜப்பானியர் ஆட்சியில், 1916-ல், அங்கே குவார்ட்ஸ் நாளங்களில் உல்ஃப்ரமைட் கிடைத்தது. அதுவும் டங்ஸ்டன் தாதுதான், ஆனால் கருப்பு, கண்ணுக்குப் படும். பக்கத்திலேயே கிடந்த வெளிர் நிற ஷீலைட்டை அடையாளம் காண மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1940 வாக்கில்தான் அதன் அருமை தெரிந்தது. போர்க்காலம் வேறு. எஃகைக் கடினமாக்கவும் கவசத்தைத் துளைக்கும் குண்டுக்கும் டங்ஸ்டன் வேண்டும். நம்மூரில் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியின் பிட் முனையில் பதித்திருக்கும் உருண்டைகளும் டங்ஸ்டன் கார்பைடுதான்.

கொரியப் போர் நடக்கும்போதே, 1952-ல், அமெரிக்கா சாங்டோங் டங்ஸ்டனை வாங்க ஒப்பந்தம் போட்டது. அந்தக் காலத்தில் தென்கொரியாவின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கும் மேல் டங்ஸ்டனிலிருந்து வந்தது. அந்த டாலரில் நடந்த ஊழல் அரசையே உலுக்கியது. பிறகு 1968-ல் போஸ்கோ உருக்கு நிறுவனம் தொடங்கியபோது முதலீட்டில் கால்பங்கு சாங்டோங்கை நடத்திய கொரியா டங்ஸ்டன் நிறுவனத்துடையது. இன்று நாம் வியந்து பார்க்கும் கொரியத் தொழில் வளர்ச்சிக்கு அடியில் இந்த ஒரு மலையின் பங்கும் இருக்கிறது என்பதைக் கொரியர்களே அதிகம் பேசுவதில்லை.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். டங்ஸ்டன் கிரானைட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆனால் சுரங்கத்துக்கு அருகில் அந்தக் கிரானைட்டைக் காணோம். பல ஆண்டுகள் தோண்டிய பிறகும் தாதுவின் தாய்ப்பாறை எது என்பது வெறும் ஊகமாகவே இருந்தது. சுரங்க நிறுவனத்தின் நிலவியலாளர்கள், நடுவில் மைக்கா, ஓரத்தில் கார்னெட் என்ற அந்த வட்டங்களைப் படித்தே, சூடு எங்கிருந்து ஏறியது என்று கணக்குப் போட்டார்கள். கிரானைட் நேர் கீழே இருக்க வேண்டும் என்றார்கள். 1980களில் ஆழ்துளை போட்டுப் பார்த்ததில், தாது அடுக்குக்குப் பல நூறு மீட்டர் கீழே கிரானைட் இருந்தது. இந்த இடத்தைச் சொல்லும்போது வகுப்பில் தூங்குகிறவர்களும் நிமிர்ந்துவிடுவார்கள்.

ஆனால் தாய்ப்பாறை கிடைத்த சில ஆண்டுகளிலேயே சுரங்கம் படுத்துவிட்டது. சீனா மலிவு விலையில் டங்ஸ்டனைக் கொட்டியதில் 1990களின் தொடக்கத்தில் பூட்டினார்கள். தாது தீர்ந்துபோகவில்லை. விலை விழுந்ததும் அதே பாறை வெறும் கல்லாகிவிட்டது. 2015-ல் அல்மான்டி என்ற நிறுவனம் கைப்பற்றி, பழைய வரைபடங்களையும் புதிய ஆழ்துளைகளையும் வைத்து மறுபடி கணக்கெடுத்துத் திறக்கும் வேலையில் இறங்கியது. அந்தப் பாறையில் டங்ஸ்டன் ஆக்ஸைடின் அளவு நூற்றுக்கு அரைக்கும் குறைவு, அதாவது ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் நாலைந்து கிலோ. உலக உற்பத்தியில் எண்பது சதவீதம் அளவுக்குக் கையில் வைத்திருக்கும் சீனா, 2025 பிப்ரவரியில் டங்ஸ்டன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அதன் பிறகு பழைய சுரங்கங்களுக்கெல்லாம் மவுசு வந்துவிட்டது.

ஆகவே நம் பக்கமும் "டங்ஸ்டன் கண்டுபிடிப்பு" என்ற செய்தி இனி அடிக்கடி வரும். விளக்கில் கல் ஒளிர்ந்த புகைப்படத்தோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். எத்தனை இடத்தில் ஆழ்துளை போட்டார்கள், எத்தனை மீட்டருக்கு எத்தனை சதவீதம் வந்தது, தோண்டினால் மேலே இருக்கும் கண்மாய்க்கும் கிணற்றுக்கும் என்ன ஆகும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.