எல்லைக்கு அப்பாலும் இல்லத்திற்கு உள்ளேயும்



ஓசூரிலிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே கர்நாடகம் தொடங்கிவிடுகிறது. சிப்காட் ஆலைகளை நாடி வந்தவர்களும் தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்பவர்களும் கலந்துறையும் மண் இது. தமிழும் உருதும், கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும். படிப்புக்காகவும் பணிக்காகவும் எல்லையைக் கடப்பது நம் பிள்ளைகளுக்கு அன்றாட நிகழ்ச்சி. ஆனால், அந்த எல்லைக்கோடு ஒரு மாணவியின் முக்காட்டுக்கும் எல்லையாகுமோ என்னும் கவலையை 2022-ஆம் ஆண்டு நம் இல்லங்களில் விதைத்தது.

நடந்ததை நினைவுகூருங்கள். 2021 இறுதியில், உடுப்பி அரசு மகளிர் கல்லூரி ஒன்றில் முக்காடணிந்த மாணவியர் வகுப்பறைக்குள் அனுமதிக்கப்படவில்லை. 2022 பிப்ரவரி 5 அன்று கர்நாடக அரசு சீருடை ஆணை பிறப்பித்தது. மார்ச் 15 அன்று உயர் நீதிமன்றம், முக்காடு இஸ்லாத்தின் இன்றியமையாத கடமையன்று எனக் கூறி அந்த ஆணையை ஏற்றது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்டனர். நீதிபதி ஹேமந்த் குப்தா தடையை ஏற்றார்; நீதிபதி சுதான்ஷு துலியா நிராகரித்தார். உரிய அமர்வை அமைப்பதற்காக வழக்கு தலைமை நீதிபதியிடம் சென்றது.

நீதிபதி துலியாவின் வாதம் சிந்திக்கத்தக்கது. மார்க்கக் கடமையா, இல்லையா என்னும் ஆராய்ச்சியே இங்குத் தேவையில்லை. இது அப்பெண்ணின் விருப்பத்தைச் சார்ந்தது. அவளது கல்வி தடைபடலாகாது என்றார் அவர். அதற்கு அவர் துணைகொண்ட முன்தீர்ப்பு எது தெரியுமா? கேரளத்தில், தேசிய கீதம் பாடுவது தம் சமய நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று அமைதியாக எழுந்து மட்டும் நின்ற மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். யெகோவாவின் சாட்சிகள் என்னும் சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள் அவர்கள். 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு நீதி வழங்கியது. அன்று அவர்கள் பெற்ற உரிமை, பின்னாளில் நம் பெண்மக்களுக்காகப் பேசியது. எனவே, பிறருடைய சுதந்திரம் பறிக்கப்படும்போது நாம் மௌனம் காப்பது அறமுமன்று, அறிவுமன்று.

இனி, நம் வாசலுக்குள் திரும்புவோம்.

அதே 2022 செப்டம்பர் 16 அன்று ஈரானில் மஹ்ஸா அமீனி என்னும் 22 வயதுப் பெண் உயிரிழந்தார். முக்காட்டைச் சரியாக அணியவில்லை என்று ஒழுக்கக் காவலர்களால் பிடித்துச் செல்லப்பட்டவர் அவர். ஓரிடத்தில் கழற்றச் சொல்லிக் கட்டாயம். வேறோரிடத்தில் அணியச் சொல்லிக் கட்டாயம். இரண்டிலுமே கேட்கப்படாதது அப்பெண்ணின் விருப்பம்! மார்க்கத்தில் வற்புறுத்தல் கூடாது என்பது 'அல்பகரா' அத்தியாயம் வகுத்த நெறியல்லவா?

கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை, அவர்தம் விருப்பத்திற்கு மாறாகத் தந்தை மணமுடித்து வைத்தார். அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது, அண்ணலார் அத்திருமணத்தைச் செல்லாதாக்கினார்கள். தந்தையின் உரிமையைவிட மகளின் சம்மதம் அங்கே மேலாயிற்று.

நம் இல்லங்களில் நிலை என்ன? "பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும்" என்று பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்துகிறோம். "அந்தப் பக்கம் முக்காட்டுக்கு இடைஞ்சல்" என்பது சிலருக்கு நல்ல சாக்காகிவிட்டது. அரசாங்கம் கதவை மூடினால் மனுக் கொடுக்கிறோம். நாமே மூடினால் அவள் யாரிடம் மனுக் கொடுப்பாள்?

பெற்றோர்களே! இன்றிரவு உணவுக்குப்பின் உங்கள் மகளிடம், "உன் விருப்பம் என்னம்மா?" என்று கேளுங்கள். பதிலைப் பொறுமையாகச் செவிமடுங்கள். நாட்டிடம் நாம் கேட்கும் உரிமையை வீட்டில் வழங்கும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.