தாமதமாகத் தொடங்கினாலும் பொதுத் தேர்வுக்குத் தயாராகலாம்

 

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குச் சரியாக நாற்பது நாட்கள் இருக்கும்போது, மஃரிபு தொழுகைக்குப் பிறகு ஒரு நன்னி தம் பேத்தியைக் கையோடு அழைத்துக்கொண்டு நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். அந்தப் பிள்ளையின் தாய்க்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நான்கு மாதங்களாகச் சமையலும் தம்பிகளைப் பார்த்துக்கொள்வதும் பிள்ளையின் தலையில் விழுந்துவிட்டன. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 12 மதிப்பெண்.

"ஃபெயிலாயிட்டா வீட்டோட இருக்கட்டும்னு எம் மவன் சொல்றான் தம்பி. நாப்பது நாள்ல முடியுமா, முடியாதா? உள்ளதைச் சொல்லுங்க" என்றார் நன்னி.

அதே வாரம் ஒரு பையனும் வந்து சேர்ந்தான். அவனுடைய அத்தா விபத்தில் கால் முறிந்து வீட்டில் இருந்தார். பையன் பள்ளி விட்டதும் புரோட்டா கடைக்குப் போய் இரவு பத்து மணி வரை வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் எல்லாப் பாடத்திலும் பின்தங்கியிருந்தான்.

நன்னியின் கேள்விக்கு அன்று எங்களிடம் உறுதியான பதில் இல்லை. உயர்ந்த மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்கு மேடை போட்டுப் பரிசு கொடுக்கத் தெரிந்த நமக்கு, பின்தங்கிய பிள்ளைக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பிறகு நம் மஹல்லாவின் ஆசிரியர்களிடம் கேட்டும், அந்த இரு பிள்ளைகளோடு உட்கார்ந்தும் கற்றுக்கொண்டோம். இந்த ஆண்டும் இதே நிலையில் சில பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் அவற்றை இங்கே தருகிறோம்.

முதல் நாள் வேலை: வினாத்தாளைப் படிப்பது

தாமதமாகத் தொடங்கும் பிள்ளை, பயத்தில் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கும். இரண்டாவது பாடத்தைத் தாண்டுவதற்குள் ஒரு வாரம் போய்விடும். "இனி முடியாது" என்று அப்போதுதான் மனம் விட்டுப்போகிறது. ஆகவே முதல் நாள் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பழைய பொதுத் தேர்வு வினாத்தாள் ஒன்றை எடுத்து, மதிப்பெண் எங்கெங்கே இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்புக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10 எழுதினால் 20. ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10 எழுதினால் 50. கடைசியில் வடிவியல் வரைதல் ஒன்றும் வரைபடம் ஒன்றும், தலா 8 வீதம் 16. ஆக மொத்தம் 100. தேர்ச்சிக்கு வேண்டியது 35.

இந்தக் கடைசி 16 மதிப்பெண்ணுக்கான வேலை எது என்று முன்கூட்டியே தெரியும். வடிவொத்த முக்கோணம் வரைதல், தரப்பட்ட அளவுகளுக்கு முக்கோணம் வரைதல், வட்டத்துக்குத் தொடுகோடு வரைதல் ஆகியவை வடிவியலில் உள்ளவை. வரைபடத்தில் மாறுபாடுகளும் இருபடிச் சமன்பாடும். பத்து நாட்கள் தினம் ஒன்று வரைந்தால் கை பழகிவிடும். இதோடு எட்டுப் பாடங்களின் முடிவில் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களையும் சேர்த்துப் படித்தால் 35-க்குப் பாதி வழிக்கு மேல் வந்துவிடலாம். இதை எண்ணிக் காட்டியபோதுதான் அந்தப் பெண் பிள்ளை முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தது.

அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்துத் தேர்வில் குறைந்தது 20-ம், இரண்டும் சேர்ந்து 35-ம் வேண்டும். செய்முறைத் தேர்வு முன்கூட்டியே முடிந்துவிடும் என்பதால் அந்த நாளில் எக்காரணம் கொண்டும் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். சமூக அறிவியலில் வரைபடமும் காலக்கோடும், தமிழிலும் ஆங்கிலத்திலும் மனப்பாடப் பாடலும் கடிதமும் உழைப்புக்கு உடனே பலன் தருபவை.

மூன்று பட்டியல்

அடுத்து, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தாளில் மூன்று பட்டியல் போட வேண்டும்: நன்றாகத் தெரிந்தவை, பாதி தெரிந்தவை, சுத்தமாகத் தெரியாதவை.

சில பிள்ளைகள் தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். அது மனதுக்குச் சுகமாக இருக்கிறது. வேறு சிலர் மிகக் கடினமானதில் போய் முட்டிக்கொண்டு நாலு நாளை இழக்கிறார்கள். நாற்பது நாளே இருக்கும்போது நடுப் பட்டியலில் தொடங்குவதே நல்லது. பாதி தெரிந்தது முழுவதும் தெரிந்ததாக மாறக் குறைந்த நேரமே ஆகும். தெரியாதவற்றில், ஆசிரியரைக் கேட்டு அதிகம் கேட்கப்படும் சிலவற்றை மட்டும் பிறகு எடுத்துக்கொள்ளலாம். கட்டாய வினா ஒன்று எந்தப் பாடத்திலிருந்தும் வரலாம் என்பதால், விட்டுவிடும் பாடங்கள் ஒன்றிரண்டுக்கு மேல் போகக் கூடாது.

பார்த்துப் படிப்பதும் பாராமல் எழுதுவதும்

"எல்லாம் படிச்சேன், ஹாலுக்குள்ள போனா மறந்துடுச்சு" என்று பிள்ளைகள் சொல்வது பொய்யல்ல. ஒரு பக்கத்தை நான்கு முறை படித்தால் அது பழகிப்போய்விடுகிறது. பழகியதைத் தெரிந்துவிட்டது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. தேர்வில் கேட்பதோ, புத்தகம் இல்லாமல் எடுத்துச் சொல்லும் திறமையை.

2006-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள்; மற்றவர்கள் படித்துவிட்டு, பாராமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள்.

நம் ஹிஃப்ழ் மதரஸாக்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அங்கே பிள்ளை குர்ஆனை மூடி வைத்துவிட்டு உஸ்தாத் முன்னால் உட்கார்ந்து பாடம் கொடுக்கிறது. தடுக்கிய இடத்தை உஸ்தாத் எடுத்துக் கொடுக்கிறார். இன்றைய சபக் ஆனதும் நேற்றைய பாடம், சென்ற வாரத்துப் பாடம் என்று பழையதையும் ஓதிக் காட்ட வேண்டும். அதனால்தான் பத்து வயதுப் பிள்ளையின் நெஞ்சில் அத்தனை பக்கங்கள் நிற்கின்றன. இதே வழியைப் பள்ளிப் பாடத்துக்கும் கொண்டுவாருங்கள். இருபது நிமிடம் படித்து, புத்தகத்தை மூடி, நினைவில் உள்ளதைத் தாளில் எழுதி, திறந்து பார்த்து விட்டதைச் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். அதே பாடத்தை மறுநாளும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும் ஐந்து நிமிடம் திருப்ப வேண்டும். கேட்பதற்கு உஸ்தாத் இல்லையென்றால் அம்மா புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம். அம்மாவுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

நேரம் எங்கே இருக்கிறது?

சுபுஹுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஒரு மணி நேரம், இஷாவுக்குப் பிறகு இரண்டு மணி நேரம். பள்ளி நாளிலேயே நாலரை மணி நேரம் கிடைக்கிறது. நாற்பது நாளுக்கு 180 மணி நேரம். அந்தப் பிள்ளைக்கு இதைக் கணக்குக்கு 60, அறிவியலுக்கு 45, சமூக அறிவியலுக்கு 35, ஆங்கிலத்துக்கு 25, தமிழுக்கு 15 என்று பிரித்துக் கொடுத்தோம். உங்கள் பிள்ளைக்கு எந்தப் பாடம் பலவீனமோ அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கை அதிகாலையில் வைத்துக்கொள்வது நல்லது.

தேர்வும் நோன்பும் ஒன்றாக வரும் ஆண்டுகளில் சஹருக்கு எழுந்த பிறகு சுபுஹு வரையிலும், அதற்குப் பின் ஒரு மணி நேரமும் படிப்புக்கு அருமையான நேரம். ஆனால் தராவீஹ் முடிந்து தெருமுனையில் சஹர் வரை உட்கார்ந்திருக்கும் பழக்கம் நம் பையன்களிடம் இருக்கிறது. தேர்வு எழுதும் பையன் தொழுகை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்து படுக்க வேண்டும். இதை அத்தாமார்கள்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள்

இந்த இடத்தில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புரோட்டா கடையிலிருந்து வந்து அந்தப் பையன் இரவு இரண்டு மணி வரை விழித்துப் படித்தான். "இவனல்லவோ பிள்ளை!" என்று நாங்களும் பலர் முன்னிலையில் பாராட்டினோம். பகலில் வகுப்பில் அவன் தூங்கி வழிந்தது எங்களுக்குத் தெரியாது. பகலில் படித்ததை மூளை பதித்து வைப்பது தூக்கத்தில்தான். கணக்குத் தேர்வன்று, பத்து முறை வரைந்து பழகிய வரைபடத்துக்கே அளவுத்திட்டத்தைத் தவறாக எடுத்துவிட்டான். நாங்கள் செய்திருக்க வேண்டியது, கடை முதலாளியிடம் போய் நாற்பது நாளைக்கு அவனை விட்டுவிடக் கேட்டு, அந்தச் சம்பளத்தை டிரஸ்டிலிருந்து வீட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டும். பாராட்டு சுலபமாக இருந்ததால் பாராட்டிவிட்டோம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். தேர்வுக்கு முந்திய இரவில் புதிய பாடம் எதுவும் வேண்டாம்.

கடைசிப் பத்து நாட்கள்

மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதுவதற்கும் பழக்கம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் காலை 10 மணிக்கு வினாத்தாளைக் கொடுத்துவிடுங்கள். முதல் 10 நிமிடம் படிப்பதற்கு, அடுத்த 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்ப்பதற்கு, 10.15 முதல் 1.15 வரை எழுதுவதற்கு. தேர்வறையில் நடப்பது போலவே வீட்டில் நடக்கட்டும். எந்தப் பகுதியில் நேரம் போகிறது என்பது அப்போதுதான் தெரியும். தெரிந்ததை முதலில் எழுதி, வினா எண்ணைச் சரியாகப் போட்டு, தெரியாததற்கும் தெரிந்த அளவு எழுதிவிட்டு வரப் பழக்குங்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

இந்த நாற்பது நாட்கள் கடைக்கு ஓடுவது, விருந்தாளிக்குத் தேநீர் போடுவது, தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்வது ஆகிய வேலைகளிலிருந்து பிள்ளைக்கு விடுதலை கொடுங்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைக்கு. கைப்பேசியை நீங்களும் அந்த நேரத்தில் தள்ளி வைத்தால் பிள்ளையிடம் வாங்கி வைப்பது எளிது. "இத்தனை நாள் என்ன செஞ்சே?" என்ற கேள்வியைத் தேர்வு முடியும் வரை கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை உங்கள் வீட்டில் பேசாதீர்கள். "ஃபெயிலானா வீட்டோட இரு", "ஃபெயிலானா கல்யாணம் முடிச்சிடுவோம்" என்ற சொல் பிள்ளையின் கையிலிருந்து பேனாவைப் பறிப்பதற்குச் சமம்.

அந்த நன்னியின் மகனிடம் நாங்கள் இருவர் நேரில் போய்ப் பேசினோம். அவர் கெட்டவர் அல்லர். மருத்துவச் செலவில் மூழ்கியிருந்தவர். பிள்ளை படிக்கும் நேரத்துக்குச் சமையலைத் தம் தங்கை பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். பிள்ளை கணக்கில் 43 எடுத்து, ஐந்து பாடத்திலும் தேர்ச்சி பெற்று, இன்று பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறது. பையனுக்குக் கணக்கு மட்டும் 27-ல் நின்றுவிட்டது. முடிவு வந்த சில வாரங்களிலேயே நடக்கும் துணைத் தேர்வை எழுதித் தேர்ச்சி பெற்று, அதே ஆண்டில் ஐ.டி.ஐ.யில் சேர்ந்துவிட்டான். ஒரு பாடத்தில் தவறினால் ஓர் ஆண்டு போய்விடும் என்று எண்ணிப் பிள்ளையை முடக்கிவிடாதீர்கள்.

பயத்தால் சாப்பிடாமல், பேசாமல், தூங்காமல் இருக்கும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அரசின் 104 எண்ணிலும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

நன்னி கேட்ட கேள்விக்கு இப்போது எங்களிடம் பதில் இருக்கிறது. நாற்பது நாளில் முதல் மதிப்பெண் வாங்கலாம் என்று சொல்ல மாட்டோம். வழி தெரிந்து படித்தால், வீடும் ஒத்துழைத்தால், தேர்ச்சி பெறலாம். தேர்வு முடியும் வரை தினமும் மஃரிபுக்குப் பிறகு நம் அலுவலகம் படிக்க வரும் பிள்ளைகளுக்காகத் திறந்திருக்கும்; பழைய வினாத்தாள்களும் இருக்கின்றன. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள். இம்முறை பாராட்டோடு நிறுத்திக்கொள்ள மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.