மூன்று வயதில் கைநழுவும் பிள்ளைகள்

சென்னையில் ஆட்டோ ஓட்டும் அப்பாவும் வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவும்கூட, பிள்ளைக்கு மூன்று வயது முடிந்ததும் முதலில் விசாரிப்பது பக்கத்துத் தெரு நர்சரி பள்ளியின் எல்.கே.ஜி. ஃபீஸைத்தான். கார்ப்பரேஷன் பள்ளியில் புத்தகம், நோட்டு, சீருடை, செருப்பு, மதியச் சாப்பாடு எல்லாமே இலவசம். இருந்தும் நகையை அடகு வைத்தாவது தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். இங்கிலீஷ் மோகம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அதில் பாதிதான் உண்மை. அரசுப் பள்ளி பெரும்பாலும் ஐந்து வயதில் கதவைத் திறக்கிறது. தனியார் பள்ளியோ விஜயதசமி அன்றே மூன்று வயதுக் குழந்தையின் கையைப் பிடித்து அரிசியில் எழுத வைத்துவிடுகிறது.

இதை அரசு அறியாமல் இல்லை. 2019-ல் அரசுப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டது. மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றிலும் மழலையர் வகுப்பு உண்டு. ஆனால், காலையில் வேலைக்கு ஓடும் அம்மாவுக்குத் தன் தெருவிலேயே அப்படி ஒரு வகுப்பு வேண்டும். அது கிடைக்காமல் தனியாரில் இரண்டு வருடம் பழகிய குழந்தையை, டீச்சரிடமிருந்தும் கூட்டாளிகளிடமிருந்தும் பிரித்து ஒன்றாம் வகுப்புக்கு யார் வேறு பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்?

பாடத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறதா என்றால், காகிதத்தில் இல்லை. சமச்சீர் கல்வி 2011-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு நடைமுறைக்கு வந்த பிறகு, மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம். தனியார் பள்ளிகள் பல, அதற்கு மேல் வேறு பதிப்பகப் புத்தகங்களையும் வாங்கச் சொல்கின்றன, அது தனிக் கதை.

வித்தியாசம் வகுப்பறைக்குள் போனால்தான் தெரியும். கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். பிள்ளைகள் குறைந்துபோன பள்ளியில் ஐந்து வகுப்பையும் அந்த இருவரேதான் பார்க்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் பாயில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அவர்களை வகுப்பு பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று திறனைப் பார்த்துப் பிரிக்கிறது. ஒரு வட்டம் எழுத்து அட்டையை அடுக்கும், இன்னொன்று சொல் சேர்க்கும். கற்பித்தல் முறையாகப் பார்த்தால் இது நல்ல யோசனை. வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் அப்பாவுக்கோ, வகுப்புக்கு ஒரு டீச்சர்கூட இல்லாத பள்ளி என்றுதான் தோன்றும். அவரைக் குறை சொல்ல முடியாது.

தனியாரில் வகுப்புக்கு ஒரு டீச்சர் இருப்பார், டையும் பெல்ட்டும் இருக்கும், டைரியில் தினமும் ஹோம்வொர்க் எழுதி வரும். நான்கு கோடு நோட்டில் கர்சிவ் எழுத்தை இரண்டு பக்கம் நிரப்ப வேண்டும். பத்தாவதோடு நிறுத்திய அம்மாவால் சொல்லிக்கொடுக்க முடியவில்லை என்றால், சாயங்காலம் ட்யூஷன். கட்டுகிற ஃபீஸில் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அவ்வளவு செலவுக்கும் பலன் உண்டா? பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஒருங்கிணைந்த ஆந்திராவின் கிராமங்களில் நான்கு ஆண்டுகள் நடத்திய ஆய்வு இங்கே உதவும். குலுக்கல் முறையில் உதவித்தொகை பெற்றுத் தனியாருக்கு மாறிய பிள்ளைகள், தெலுங்கிலும் கணக்கிலும் மற்றவர்களைவிட முந்தவில்லை. இந்தியில் மட்டும் தெளிவாக முந்தினார்கள். அதேசமயம், தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செய்த செலவு அரசின் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆய்வு நடந்தது கிராமத்தில், நகரத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும், தனியார் என்றாலே தரம் என்பவரையும், அரசின் பணம் நன்றாகவே செலவாகிறது என்பவரையும் அது ஒருசேர நெளிய வைக்கிறது.

அரசுப் பள்ளிக்குத் தெளிவான வெற்றி சாப்பாட்டில்தான். 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்துப் பார்த்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. விடிந்ததும் வேலைக்குக் கிளம்பும் வீடுகளின் பிள்ளைகளுக்குச் சுடச்சுட உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ கிடைக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. தொடக்கக் கல்விக்குத் தனியார், ஆறாம் வகுப்பில் அரசு என்று திட்டம் போடும் பெற்றோர் உண்டு. புத்திசாலித்தனம்தான். ஆனால், அஸ்திவாரத்துக்கு அரசுப் பள்ளியை நம்பவில்லை என்பதையும் அது சொல்லிவிடுகிறது. எல்லாத் தொடக்கப் பள்ளியிலும் எல்.கே.ஜி.யும் வகுப்புக்கு ஒரு ஆசிரியரும் வராதவரை இந்த நம்பிக்கை திரும்பாது.

சேர்க்கைக்கு அலைகிறவர்கள் பக்கத்துக் கார்ப்பரேஷன் பள்ளிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தி வாசிப்பதைக் கேளுங்கள். தனியார் பள்ளியிலும் இதையே செய்யுங்கள். அங்கேயே சேர்ப்பதென்று முடிவெடுத்தால், கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு விதித்த ஃபீஸ் எவ்வளவு என்று விசாரித்து, கட்டும் தொகை முழுவதற்கும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.