எல்லாமே அலர்ஜி இல்லீங்க!

மெஸ்ஸில் ஒரு மேஜையைச் சுத்தி உட்கார்ந்து பாருங்க. ஒருத்தருக்குப் பால் அலர்ஜி, இன்னொருத்தருக்குக் கத்திரிக்காய் அலர்ஜி, மூணாவது ஆளுக்கு ஃப்ரைட் ரைஸ் அலர்ஜி. ரூமுக்கு வந்தா ரூம்மேட் அடிக்கிற பாடி ஸ்ப்ரே அலர்ஜி. எல்லாத்துக்கும் ஒரே வார்த்தையைப் போட்டுட்டோம். ஆனா உடம்புக்குள்ள நடக்கிறது ஒரே விஷயம் இல்ல. ஒண்ணு வயித்தைக் கலக்கிட்டுப் போயிடும். ஒண்ணு தோலில் பல வருஷம் தங்கிடும். இன்னொண்ணு சில நிமிஷத்தில் உயிரையே எடுக்கலாம்.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கு. எல்லாரும் எல்லாத்தையும் அலர்ஜின்னு சொல்லிட்டே இருந்தா, நிஜமாவே அலர்ஜி இருக்கிற ஒருத்தர் சொல்லும்போது யாரும் நம்ப மாட்டாங்க. "சும்மா ஒரு வாய் சாப்பிடு, ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லிடுவாங்க. அதனால எது எதுன்னு பிரிச்சுப் பார்ப்போம்.

பால்: என்சைம் பத்தல, அவ்வளவுதான்

பாலில் இருக்கிற சர்க்கரைக்கு லாக்டோஸ்னு பேரு. அதை உடைக்க சிறுகுடலில் லாக்டேஸ்ங்கிற என்சைம் வேணும். குழந்தையா இருக்கும்போது இது நிறைய சுரக்கும். வளர வளர பலருக்குக் குறைஞ்சிடும். உலகத்தில் பெரியவங்களில் சுமார் மூணில் ரெண்டு பங்கு பேருக்கு இப்படித்தான். அதனால இதை நோய்னே சொல்ல முடியாது.

உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போகும். அங்க இருக்கிற பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும். வாயு, உப்புசம், வயித்துப்போக்கு எல்லாம் அதனால வருது. இங்க அளவுதான் முக்கியம். 250 மில்லி பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கும். சாப்பாட்டோட சேர்த்துக் குடிச்சா, லாக்டேஸ் குறைவா இருக்கிற பலருக்கும் அந்த அளவு பெருசா ஒண்ணும் பண்ணாது. தயிரிலும் மோரிலும் பாக்டீரியா ஏற்கெனவே கொஞ்சம் லாக்டோஸைத் தின்னு முடிச்சிருக்கும். அதனால "பால் ஒத்துக்காது, ஆனா மோர் சாதம் ஓகே"ன்னு ஒருத்தர் சொன்னா அது நடிப்பு இல்ல, பக்கா அறிவியல்.

நிஜ அலர்ஜி: தப்பா அடிக்கிற அலாரம்

பால் அலர்ஜின்னு நிஜமாவே ஒண்ணு இருக்கு. அது பாலோட சர்க்கரையால வர்றது இல்ல, கேசீன் மாதிரியான புரதத்தால வருது. நோய் எதிர்ப்பு மண்டலம் அந்தப் புரதத்தை எதிரின்னு நினைச்சு, ஐஜிஈங்கிற ஆன்டிபாடியைத் தயார் பண்ணி வெச்சிருக்கும். அடுத்த தடவை அதே புரதம் உள்ள வந்ததும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். வேர்க்கடலை, முந்திரி, இறால், முட்டை எல்லாம் இப்படி வேலை காட்டலாம்.

லாக்டோஸ் கணக்கு இங்க செல்லாது. மிகக் கொஞ்சமா இருந்தாலே போதும். அதே கரண்டியில் கிளறினது, அதே எண்ணெயில் பொரிச்சது கூட ஆபத்தாகலாம். பெரும்பாலும் சில நிமிஷத்திலிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள தெரிஞ்சிடும். தடிப்பு, உதடு வீக்கம், தொண்டை அடைப்பு, மூச்சுத் திணறல், மயக்கம். இது முத்தினா அனாஃபிலாக்சிஸ்.

அப்போ செட்ரிசின் கொடுத்துட்டுக் காத்திருக்காதீங்க. அது அரிப்பைக் குறைக்கும், அடைக்கிற தொண்டையைத் திறக்காது. தொடையில் போடுற அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. உடனே 108-க்கு அடிங்க. ஆளைப் படுக்க வெச்சுக் காலைத் தூக்கி வைங்க. மூச்சு விடக் கஷ்டப்பட்டா உட்கார வைங்க. எழுப்பி நடக்க மட்டும் வைக்காதீங்க.

அலர்ஜி மாதிரியே இருக்கும், ஆனா இல்ல

சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களை ஐஸில் சரியா வைக்காம விட்டா, பாக்டீரியா அந்த மீனுக்குள்ளயே ஹிஸ்டமினை உருவாக்கிடும். சாப்பிட்டதும் முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும். பார்க்க அச்சு அசலா அலர்ஜி. ஆனா தப்பு உங்க உடம்பில் இல்ல, மீன் கெட்டுப்போச்சு. சமைச்சாலும் அந்த ஹிஸ்டமின் அழியாது. ஒரே மேஜையில் நாலு பேருக்குச் சேர்ந்து அரிச்சா முதலில் மீனைச் சந்தேகப்படுங்க. கத்திரிக்காயிலும் ஹிஸ்டமின் இயல்பாவே இருக்கு. பாட்டி "அரிக்கும், சாப்பிடாதே"ன்னு சொன்னதில் விஷயம் இல்லாம இல்ல.

அடுத்து நம்ம அஜினோமோட்டோ. 1908-இல் ஜப்பானில் கிகுனே இகேடா கடற்பாசியிலிருந்து பிரிச்செடுத்த சுவை இது. தக்காளியிலும் அதே குளுடமேட்தான் இருக்கு. 1968-இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழுக்கு ராபர்ட் ஹோ மான் க்வாக்ங்கிற டாக்டர் ஒரு கடிதம் எழுதினார். சீன உணவகத்தில் சாப்பிட்டா மரத்துப் போகுது, படபடக்குதுன்னு சொல்லி, சாஸ், சமையல் ஒயின், உப்பு, எம்எஸ்ஜின்னு பல காரணங்களை யூகிச்சார். உலகம் எம்எஸ்ஜியை மட்டும் பிடிச்சுக்கிச்சு. எதில் எம்எஸ்ஜி இருக்குன்னு யாருக்கும் சொல்லாம நடத்தின சோதனைகளில் அந்தக் குற்றச்சாட்டு உறுதியா நிக்கல. வெறும் வயித்தில் 3 கிராமோ அதுக்கு மேலயோ எடுத்த சிலருக்குக் கொஞ்ச நேரம் லேசான தொந்தரவு வந்தது, அவ்வளவுதான்.

அதுக்காகச் சேர்க்கைப் பொருள் எல்லாமே சாதுன்னு சொல்ல வரல. உலர் பழங்களைப் பளபளன்னு வைக்கச் சேர்க்கிற சல்பைட், அதாவது லேபிளில் 220 முதல் 228 வரை வர்ற எண்கள், சில ஆஸ்துமாக்காரங்களுக்கு இழுப்பைக் கிளப்பும். மஞ்சள் நிறத்துக்குப் போடுற டார்ட்ரசின், எண் 102, ரொம்பச் சிலருக்குத் தடிப்பு கொடுக்கும். நம்ம நாட்டோட 2020 லேபிள் விதிப்படி குளூட்டன் உள்ள தானியம், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் கொட்டைகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ உள்ள சல்பைட்னு எட்டு வகையைப் பாக்கெட்டில் தனியா எழுதணும். மெஸ் பாத்திரத்தில் லேபிள் இருக்காது, அங்க வாய் திறந்து கேட்கத்தான் வேணும்.

வாசனையும் மெஹந்தியும்

மூடின ரூமில் டியோ அடிச்சா தும்மல், தலைவலி, இழுப்பு வரும். பெரும்பாலும் இது அலர்ஜி இல்ல, மூச்சுக்குழாய் எரிச்சல். ஆனா ரூம்மேட்டுக்கு ஆஸ்துமா இருந்தா இது விளையாட்டு இல்ல. வராண்டாவில் போய் அடிங்க, இல்ல ரோல்-ஆன் வாங்குங்க.

தோல் கதை வேற. இங்க ஐஜிஈக்கு வேலை இல்ல, டி செல்கள்தான் வேலை செய்யுது. அதனால உடனே தெரியாது, ஒண்ணுல இருந்து மூணு நாள் கழிச்சு அரிக்கும், கொப்புளம் வரும். அதுக்குள்ள நீங்க வேற நாலு பொருளைச் சந்தேகப்பட்டிருப்பீங்க. பாட்டிலில் "ஃப்ராக்ரன்ஸ்"னு ஒரே வார்த்தை இருக்கும், அதுக்குள்ள பல டஜன் வேதிப்பொருள் ஒளிஞ்சிருக்கலாம். லாவெண்டரில் இருக்கிற லினலூல், எலுமிச்சைத் தோலில் இருக்கிற லிமோனீன் ரெண்டும் காத்து பட்டு ஆக்சிஜனேற்றம் ஆனாத்தான் தோலுக்கு வில்லன். அதனால பாதி தீர்ந்து வருஷக்கணக்கா திறந்து கிடக்கிற லோஷனைத் தூக்கிப் போடுங்க. "நேச்சுரல்"னு எழுதியிருக்கிறது பாதுகாப்புக்குச் சான்று இல்ல.

கல்ச்சுரல்ஸுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. அசல் மருதாணி ஆரஞ்சு சிவப்பாத்தான் பிடிக்கும். பத்து நிமிஷத்தில் கன்னங்கரேல்னு பிடிக்கிற கோனில் பெரும்பாலும் பிபிடிங்கிற ஹேர் டை வேதிப்பொருள் கலந்திருக்கும். ஒரு தடவை உடம்பு அதை எதிரியா எடுத்துக்கிட்டா லேசில் மறக்காது. பல வருஷம் கழிச்சு நரைக்கு டை அடிக்கும்போது முகமே வீங்கலாம்.

டீபக் பண்ணுங்க

கோடில் ஒரே நேரத்தில் அஞ்சு வரியை மாத்தினா எந்த வரி பிழையைச் சரி பண்ணுச்சுன்னு தெரியாது. இங்கேயும் அதேதான். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் கழிச்சு என்ன ஆச்சுன்னு குறிச்சு வைங்க. சந்தேகப்படுற ஒரே ஒரு பொருளை ரெண்டு வாரம் நிறுத்துங்க, பிறகு திரும்பச் சேர்த்துப் பாருங்க. மூச்சோ வீக்கமோ ஒரு தடவை வந்திருந்தா இந்தச் சோதனையை ரூமில் பண்ணவே கூடாது, நேரா டாக்டர்.

உணவு அலர்ஜிக்கு அவங்க ஸ்கின் ப்ரிக் சோதனை பண்ணுவாங்க, 15, 20 நிமிஷத்தில் தெரியும். தோல் விஷயத்துக்குப் பேட்ச் டெஸ்ட், முதுகில் 48 மணி நேரம் ஒட்டி வைப்பாங்க. நூறு உணவுக்கு ஐஜிஜி ரத்தப் பரிசோதனைன்னு விளம்பரம் வந்தா காசைக் கொட்டாதீங்க. ஐஜிஜி இருந்தா நீங்க அந்த உணவைச் சாப்பிட்டிருக்கீங்கன்னுதான் அர்த்தம், அது ஒத்துக்கலன்னு இல்ல. அலர்ஜி மருத்துவர்களோட சங்கங்களே இதை வேண்டாம்னு சொல்லுது.

யாராவது "எனக்கு அலர்ஜி"ன்னு சொன்னா, "சீன் போடாதே"ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: "சாப்பிட்டா என்ன ஆகும்?" பதில் வயிறுன்னா ஒரு டம்ளர் மோர் வாங்கிக் கொடுங்க. பதில் மூச்சுன்னா, டாக்டர் ஊசி கொடுத்திருக்காரா, அதை எங்க வெச்சிருக்காங்கன்னு அன்னைக்கே தெரிஞ்சு வெச்சுக்கோங்க.